நம் உடம்பே சுரக்கும் மருந்து

மூட்டு வாத மருத்துவரின் காத்திருப்பு அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வாக்கியம் பழகியிருக்கும்: "எந்த மாத்திரை வேணும்னாலும் எழுதுங்க டாக்டர், ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம்." சொல்கிறவர் குரலில் உண்மையான பயம் இருக்கும். முகம் ஊதிப்போன சொந்தக்காரர் ஒருவரையோ, இடுப்பு எலும்பு செத்துப்போய் நடக்க முடியாமல் ஆன பக்கத்து வீட்டுக்காரரையோ அவர் பார்த்திருப்பார். அதே மனிதர் வீட்டுக்குத் திரும்பியதும், யாரோ கைகாட்டிய இடத்தில் வாங்கிய பெயரில்லாத பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுவார். கேட்டால், "இது இயற்கையானது, ஒண்ணும் பண்ணாது" என்பார். இந்த இரண்டு நம்பிக்கைகளும் ஒரே மனதில் சண்டையில்லாமல் குடியிருப்பது என்னைப் பல காலமாக உறுத்துகிறது. அவர் பயப்படும் பொருள் நம் உடம்பே சுரக்கும் ஒரு ஹார்மோனின் நெருங்கிய உறவு. அவர் பயப்படாமல் விழுங்கும் பொடியிலும் பல நேரங்களில் அதே பொருள்தான் இருக்கிறது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாத அளவில்.

இதை நான் எங்கள் பெரியம்மாவின் கைகளில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். கோவில்பட்டியில் இருக்கிறார். ரவிக்கை தைத்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை என்று தொடங்கியது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் மெல்ல வழிக்கு வரும். சரவாங்கி என்று ஊரில் சொன்னார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த மருத்துவர் முடக்குவாதம் என்றார், அதாவது உடம்பின் நோய் எதிர்ப்புப் படை எதிரியை விட்டுவிட்டுச் சொந்த மூட்டுகளின் உள்ளுறையைத் தாக்கும் நோய். அந்தத் தாக்குதலை அடக்க, வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்ய ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம் என்றும், அதுவரை வலியைத் தாங்கக் கொஞ்ச நாள் பிரெட்னிசலோன் எடுக்கலாம் என்றும் சொன்னார். "ஸ்டீராய்டா?" என்று கேட்டார் பெரியம்மா. ஆமாம் என்றதும், அந்த ஒரு மாத்திரையை மட்டும் சீட்டிலிருந்து அடிக்கச் சொல்லிவிட்டார்.

வலியோடு மூன்று மாதம் காத்திருப்பது என்றால் என்னவென்று வலி இல்லாதவர்களுக்குத் தெரியாது. இட்லிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கவும், ரவிக்கைக் கொக்கி மாட்டவும் ஆள் வேண்டும். ராத்திரி போர்வையின் கனம்கூடக் கை பொறுக்காது. இரண்டாவது மாதமே மாத்திரையின் மேல் நம்பிக்கை போய்விட்டது. அண்ணன் ஒருநாள் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். வேர், பட்டை, மூலிகை என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் காலையில் பெரியம்மா எழுந்து, யாரையும் கூப்பிடாமல், வாசலில் கோலம் போட்டிருந்தார்.

அந்தக் கோலத்தைப் பார்த்து அழுதவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அந்த மூன்று நாள் மாற்றம் மாயமும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. உலகத்தின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றில், 1948-இல், அப்படியே நடந்திருக்கிறது.

ராச்செஸ்டரில் நடந்தது

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் ராச்செஸ்டர் ஊரின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மூட்டு வாத மருத்துவர் இருந்தார். 1929-இல் அவரிடம் வந்த முடக்குவாத நோயாளி ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்த வேகத்தில் மூட்டு வலி மறைந்துவிட்டது. காமாலை போன பிறகும் சில மாதங்கள் வலி திரும்பவில்லை. வேறு மருத்துவராக இருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பார். ஹென்ச் விடவில்லை. அதே மாதிரி நோயாளிகளைத் தேடிச் சேர்த்தார். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கும் முடக்குவாத வலி குறைவதைக் கவனித்தார். பிள்ளை வயிற்றில் இருந்தவரை நன்றாக இருந்தேன், பெற்றெடுத்த பிறகு வலி மறுபடி பிடித்துக்கொண்டது என்று நம் வீடுகளிலும் பெண்கள் சொல்வதுண்டு. அதற்குக் காரணம் ஒரே ஒரு ஹார்மோன் இல்லை என்பது இப்போது தெரியும். ஆனால் ஹென்ச்சுக்கு அது சரியான திசையைக் காட்டியது. இந்த நோய் திரும்ப முடியாத பாதை கிடையாது, உடம்புக்குள்ளேயே இதை நிறுத்தக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று முடிவு செய்தார். பெயர் தெரியாததால் அதைப் 'பொருள் எக்ஸ்' என்று அழைத்தார். பித்தநீர், காமாலைக்காரர்களின் ரத்தம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் முயன்று பார்த்தார். எதுவும் நிலையான பலன் தரவில்லை.

அதே மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் மாட்டின் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளைப் பெருமளவில் அரைத்து, அதன் வெளிப்பகுதியான புறணியில் சுரக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏ, பி என்று எழுத்துப் பெயர்தான் வைத்தார். அதில் 'இ' என்ற சேர்மத்தை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று 1941-இலேயே இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். கொடுத்துப் பார்க்கப் போதிய அளவு மருந்து கையில் இல்லை. மெர்க் நிறுவனத்தின் லூயிஸ் சாரெட் மாட்டுப் பித்த அமிலத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளைக் கடந்து அதைத் தயாரித்த பிறகுதான் வழி பிறந்தது.

1948 செப்டம்பர் 21 அன்று, நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி போட்டார்கள். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம். சில நாட்களில் விறைப்பு இறங்கியது. ஒரு வாரத்தில் அவர் மருத்துவமனையிலிருந்து கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான்கள் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தச் சேர்மத்துக்குத்தான் கார்ட்டிசோன் என்று பெயர் வைத்தார்கள். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை, நம் அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசாலாக மாற்றும். 1950-இல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு. முதல் ஊசிக்கும் பரிசுக்கும் நடுவே இரண்டே வருடம்.

இந்தக் கதையின் மறுபாதியை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. அந்த முதல் நோயாளிக்கே கடுமையான பக்க விளைவுகள் வந்தன, மனநிலையும் பாதிக்கப்பட்டது. மருந்தைக் கொடுக்கக் கொடுக்க முகம் வட்டமானது, ரத்த அழுத்தம் ஏறியது, எலும்பு மெலிந்தது, நிறுத்தினால் வலி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது. ஹென்ச் இதை நோய் தீர்க்கும் மருந்து என்று ஒருபோதும் சொல்லவில்லை. பத்திரிகைகள்தான் அப்படிச் சொன்னன. ஒரு நாளைக்கு நம் உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம். அவர்கள் கொடுத்தது அதைப் போலப் பல மடங்கு. அந்த 100 மில்லிகிராம் கார்ட்டிசோன் இன்றைய கணக்கில் 20 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். உடம்பு சுரக்கும் பொருளே என்றாலும், உடம்பு பழகாத அளவில் மாதக்கணக்கில் கொடுத்தால் அது வேறு வேலையைத் தொடங்கிவிடுகிறது.

போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1952-இல் அப்ஜான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மெக்சிகோவில் விளையும் ஒரு காட்டுக் கிழங்கிலிருந்து தொடங்கி, நடுவே ஒரு பூஞ்சையின் உதவியோடு கார்ட்டிசோனைத் தயாரிக்க வழி கண்டார்கள். மாட்டுச் சுரப்பி, மாட்டுப் பித்தம், கிழங்கு, பூஞ்சை என்று மூலம் எதுவாக இருந்தாலும் கிடைத்த மூலக்கூறு ஒன்றேதான். உடம்பும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

உடம்பு தேறியதாக ஊர் சொன்னது

பெரியம்மா அந்தப் பொடியை விடவில்லை. மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டார். மருத்துவரிடம் போவதையும் நிறுத்தினார். முகம் மினுமினுவென்று உருண்டது. கல்யாண வீடுகளில், "என்னக்கா, உடம்பு நல்லாத் தேறிருச்சே!" என்றார்கள். வறண்டு இருந்த கன்னத்தில் சதை வைத்ததை எல்லோரும் ஆரோக்கியம் என்றே எடுத்துக்கொண்டார்கள். வயிறு பெருத்தது, கை கால் மெலிந்தது, இடித்த இடமெல்லாம் தோல் கன்றி நீலமானது. சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை வந்தது. வயசாகிவிட்டது, வரத்தான் செய்யும் என்று அதற்குத் தனியாக ஒரு மாத்திரை. ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை.

பிறகு ஒரு பங்குனி மாதம், பொடி கொடுத்தவர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். கையிருப்புத் தீர்ந்தது. வலி திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள், திரும்பவும் செய்தது. எதிர்பார்க்காதது மற்றவை. எழுந்து நின்றால் தலை சுற்றியது, தண்ணீர் குடித்தாலும் வாந்தி வந்தது, பேச்சுக் குழறியது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மேல் ரத்த அழுத்தம் 80-க்குக் கீழே இருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் பெரியம்மாவின் முகத்தையும், வயிற்றில் ஊதா நிறத்தில் ஓடிய வரிகளையும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "அம்மாவுக்கு என்ன மருந்து குடுத்துக்கிட்டு இருந்தீங்க?" அண்ணன், "மருந்து எதுவும் இல்ல டாக்டர், நாட்டுப் பொடிதான்" என்றார். "எப்ப நிறுத்தினீங்க?" என்றார் மருத்துவர், ரத்தம் எடுத்துக்கொண்டே. முடிவுக்குக் காத்திருக்காமல் உப்புநீரும், கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் ஏற்றச் சொன்னார். பிறகு வந்த முடிவில் ரத்தத்தில் கார்ட்டிசால் இருந்ததாகவே சொல்ல முடியாத அளவு. அந்தப் பொட்டலத்தைச் சோதிக்க எங்களிடம் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் சுரப்பி தூங்கிப் போயிருந்ததற்கு மருத்துவர்களுக்கு வேறு காரணம் தெரியவில்லை.

வெளியிலிருந்து தண்ணீர் லாரி தினமும் வந்தால் வீட்டுக் கிணற்றை யாரும் தூர் வார மாட்டார்கள். உடம்பும் அப்படித்தான். ரத்தத்தில் போதிய ஸ்டீராய்டு ஓடுவதைக் கண்ட மூளை, கார்ட்டிசால் சுரக்கச் சொல்லும் உத்தரவை அனுப்பாமல் விட்டுவிடும். உத்தரவு வராத அட்ரினல் சுரப்பி சுருங்கிவிடும். ஒருநாள் வெளி வரத்து நின்றால், சுரப்பி விழித்தெழ வாரங்களோ மாதங்களோ ஆகும். அதற்குள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உப்பும் தாறுமாறாகி உயிரே போகலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையாக இருந்தால், படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெயர் சொல்லாமல் கொடுத்த பொருளை எப்படி நிறுத்துவது என்று யார் சொல்வார்?

இது கோவில்பட்டிக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்க வேண்டாம். மூட்டு வலிக்கான இயற்கைத் துணை உணவு என்று அமெரிக்காவில் விற்ற ஆர்ட்ரி கிங் வகை மாத்திரைகளில், உறையில் சொல்லப்படாத டெக்ஸாமெத்தசோன் என்ற வலுவான ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தும் இருப்பதைக் கண்டு, அந்நாட்டு உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் எச்சரிக்கை விட்டது. திடீரென்று நிறுத்த வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள் என்று அந்த எச்சரிக்கையில் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. சித்த மருத்துவத்தை முறையாகப் படித்து நேர்மையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தக் கலப்படத்தால் முதலில் பெயர் கெடுவது அவர்களுக்குத்தான்.

அதே மருந்தையா மறுபடியும்?

நான் இன்றும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது நான்காம் நாள் நடந்த பேச்சை. பெரியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூட்டு வாத மருத்துவர் வந்து, வீட்டுக்குப் போகும்போது எடுக்க வேண்டிய மாத்திரைகளைச் சொன்னார். முதல் மாத்திரை பிரெட்னிசலோன். அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. "அந்தப் பொடியில இருந்ததும் ஸ்டீராய்டு, அதுதான் அம்மாவை இங்க கொண்டு வந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. அதையே மறுபடியும் எழுதுறீங்களா?" என்றார்.

மருத்துவர் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெரியம்மாவிடம்தான் பேசினார். "அம்மா, இது உங்க உடம்பு காலையில தானா சுரக்க வேண்டியது. இப்ப அது சுரக்கல. அதனால நாம வெளியில இருந்து குடுக்கணும், இல்லைன்னா மறுபடி மயக்கம் போட்டுருவீங்க. எவ்வளவு குடுக்கிறோம்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மாசா மாசம் குறைப்போம். வலியை அடக்குற வேலையை வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கிற மாத்திரை பாத்துக்கும். அது கை குடுக்கிற வரைக்கும் இது துணைக்கு." பிறகு, காலையில் சாப்பிட்ட பிறகு மட்டும் எடுக்க வேண்டும் என்றார். ஏன் காலை என்று பெரியம்மாவே கேட்டார். கார்ட்டிசால் இயல்பாகவே விடியற்காலையில் ஏறி, நடுராத்திரியில் மிகக் குறைவாக இருக்கும், அந்தத் தாளத்தைக் கெடுக்காமல் கொடுத்தால் சுரப்பி விழிக்கவும் வசதி, ராத்திரித் தூக்கமும் கெடாது என்று விளக்கினார். பெரியம்மா தலையாட்டினார். அவருடைய நோயில் அவரிடமே யாராவது காரணம் சொன்னது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

பொடி கொடுத்தவரும் இந்த மருத்துவரும் கொடுத்தது ஏறக்குறைய ஒரே சரக்கு. அளவு, காலம், கண்காணிப்பு, எல்லாவற்றுக்கும் மேல் என்ன கொடுக்கிறோம் என்று சொல்வது, இவ்வளவும்தான் வித்தியாசம். எங்கள் வீட்டில் ஓர் உயிர் ஊசலாடியது அந்த வித்தியாசத்தில்தான். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் ஓடச் சொல்லும் வாட்ஸப் செய்திகள் மேல் எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான். அந்தப் பயம் பெரியம்மாவிடமிருந்து ஸ்டீராய்டைத் தள்ளி வைக்கவில்லை. பெயர் எழுதிய ஸ்டீராய்டை மறுக்க வைத்து, பெயர் எழுதாத ஸ்டீராய்டின் கையில் கொண்டுபோய் விட்டது.

இது எல்லா வலிக்குமான மருந்தும் இல்லை. கார்ட்டிசால் வகை மருந்து செல்லுக்குள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. வீக்கமும் விறைப்பும் குறைவதால்தான் வலி குறைகிறது. அழற்சி முக்கியக் காரணமாக இல்லாத வலியில், உதாரணமாக உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாவில், அதற்கு வேலையே இல்லை. வயதான முழங்கால் தேய்மானத்துக்கு நீண்ட காலம் மாத்திரையாகக் கொடுப்பது சரியான வழி கிடையாது. பழைய காசநோயைத் தட்டி எழுப்பும் ஆபத்து இதற்கு உண்டு. நம் நாட்டில் அதை லேசாக நினைக்க முடியாது. பொட்டலம் விற்பவர் இதில் எதையும் விசாரிப்பதில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, பெயர் தெரியாத பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்றோடு போதும் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

ஐந்து மில்லிகிராம்

முடக்குவாதத்துக்கு ஸ்டீராய்டை எவ்வளவு காலம் கொடுப்பது என்பதில் நிபுணர்களுக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. முடிந்தவரை சீக்கிரம், மூன்று மாதத்துக்குள் குறைத்து நிறுத்துவதே நல்லது என்பது ஐரோப்பிய மூட்டு வாத மருத்துவர் கூட்டமைப்பின் பரிந்துரை. அமெரிக்க அமைப்போ 2021-இல், பலருக்கு ஆரம்பத்திலேயே தவிர்க்கப் பார்க்கலாம் என்றது. அப்புறம் 2022-இல் குளோரியா என்ற ஐரோப்பிய ஆய்வின் முடிவு வந்தது. 65 வயதைத் தாண்டிய 451 முடக்குவாத நோயாளிகளில் பாதிப் பேருக்கு இரண்டு வருடம் தினமும் 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு நோயின் வேகமும் மூட்டுச் சிதைவும் குறைந்தன. பக்க விளைவுகளும், முக்கியமாகத் தொற்றுகள், கூடின. அவற்றில் பெரும்பாலானவை கடுமையானவை இல்லை.

பெரியம்மாவுக்கு இப்போது 68. 20 மில்லிகிராமில் தொடங்கி, பல மாதங்களில் 5-க்கு வந்திருக்கிறார். முகம் பழைய முகமாகிவிட்டது. ஊரில் "ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்று கேட்கிறார்கள். சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி, வாராந்தர மாத்திரை, அதற்குத் துணையாக ஃபோலிக் அமிலம் எல்லாம் நடக்கின்றன. காய்ச்சல் வந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ அளவைக் கூட்ட வேண்டும் என்பதால், ஸ்டீராய்டு எடுப்பவர் என்று எழுதிய சீட்டு ஒன்று சுருக்குப் பையில் எப்போதும் இருக்கிறது. 2.5-க்குக் குறைத்துப் பார்த்தபோது காலை விறைப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. வாராந்தர மாத்திரையைக் கூட்டி இதை நிறுத்தப் பார்க்கலாம், அல்லது 5-லேயே இன்னும் கொஞ்ச காலம் இருக்கலாம், இரண்டுக்கும் விலை உண்டு என்று மருத்துவர் விளக்கிவிட்டு முடிவை அவரிடமே கேட்டார். பெரியம்மா ஒரு வாரம் யோசித்தார். பிறகு, 5-லேயே இருக்கிறேன், வருஷா வருஷம் எலும்பு அடர்த்தியைப் பாருங்கள், குறைந்தால் அடுத்த வழிக்குப் போகலாம் என்று சொன்னார். மருத்துவர் அதையே சீட்டில் எழுதினார்.